பச்சை ரிப்பன் காப்பு

பங்குனி மாதத்தில் எங்கள் தெருவிலிருந்து யாராவது பெட்டியோடு வெளியூர் கிளம்ப வேண்டுமென்றால், மூன்றாவது வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த நூல்கண்டு இருக்கும். பெட்டியைக் கண்டதும் எழுந்து வந்து, எங்கன கிளம்பிட்டீக என்று விசாரித்துக்கொண்டே கையைப் பிடிப்பார். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் மணிக்கட்டில் நூல் ஏறி முடிச்சும் விழுந்திருக்கும். அப்புறம் எங்கே போவது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தெருவில் அவருக்குக் காப்பு அண்ணாச்சி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிடுவார்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சிவகாசியில் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடி ஏறிவிட்டால், காப்புக் கட்டியவர்கள் கொடி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் கட்டிக்கொள்வது அது. அண்ணாச்சி கட்டியது வேறு. அதற்குத் தெருக்காப்பு என்று அவரே பெயர் வைத்தார், சட்டமும் அவரே போட்டார். கோயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊரில் திருவிழாவை வைத்துக்கொண்டு வெளியூரில் என்ன சோலி என்பதுதான் அவருடைய மொத்த சாஸ்திரமும்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லாரியில் சரக்கு ஏற்றும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தார். சீசன் நேரத்தில் அவர் கண் முன்னால் பெட்டி பெட்டியாகச் சரக்கு ஊரை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். டெல்லி லோடு, பாட்னா லோடு, கல்கத்தா லோடு. நாடே வெடி வெடிக்கிற தீபாவளியன்று நாங்கள் சிவகாசிக்காரர்கள் அலுப்பில் கவிழ்ந்தடித்துத் தூங்குவோம். எங்களுக்குத் திருவிழா என்றால் பங்குனிதான். "சரக்கு போகட்டும், ஆளு இருக்கட்டும்" என்பார் அண்ணாச்சி. நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு அட்டையை அச்சு வைத்து வெட்டிக் கொடுக்கிறவன், டை கட்டிங் என்பார்கள். எனக்கும் சரக்கு போனால்தான் பிழைப்பு, அதனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதியில் எனக்கு முழு உடன்பாடு.

ஒருமுறை மதுரையிலிருந்து பேப்பர் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி ஒருவர் மாதிரி அட்டைகளோடு என் கடைக்கு வந்தார். கழுத்தில் டை, கையில் பெட்டி. போதாதா? திரும்பிப் போகிற வழியில் அண்ணாச்சி மடக்கிக் கட்டிவிட்டார். அந்த மனிதர் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தார். நான் வெளியூர் ஆளுக்கெல்லாம் செல்லாது என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கோ சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று கலக்கம். அன்றைக்கு லாட்ஜில் தங்கி, அண்ணாச்சி வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு, மறுநாள் அண்ணாச்சியே நூலை அவிழ்த்து விட்ட பிறகுதான் போனார். அந்தச் சோற்றுக்கு ஆசைப்பட்டு அடுத்த வருஷம் சரியாகப் பங்குனியில் வந்தார் என்பது வேறு விஷயம்.

எல்லாம் சிரிப்பாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. எதிர்வீட்டுக்காரர் கையில் நூல் ஏறியதால் அவருடைய தங்கச்சி சாத்தூரில் கட்டிய புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போகவில்லை. தங்கச்சி முறுக்கிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டது. அண்ணாச்சி கொடி இறங்கியதும் பஸ் ஏறிச் சாத்தூருக்குப் போய், அந்தத் தங்கச்சி வாசலில் நின்று தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் கட்டுவதை நிறுத்தினாரா? அதுதான் இல்லை.

அவரையும் ஒருமுறை அவர் சட்டமே மடக்கியது. தாயில்பட்டியிலிருந்து எங்கள் தெருவுக்குப் புதுப்பெண் ஒன்று வந்திருந்தது. அம்மா வீட்டுக்குப் போவதற்காகப் பையோடு வந்த அதன் கையை அண்ணாச்சி பிடித்தார். அங்கே ஏற்கெனவே மஞ்சள் நூல் இருந்தது. தாயில்பட்டியிலும் அப்போது அம்மனுக்குப் பொங்கல் சாட்டிக் காப்புக் கட்டியிருந்தார்கள். அண்ணாச்சி நெருப்புச் சுட்ட மாதிரி கையை விட்டுவிட்டார்.

"அங்கன கட்டியாச்சா தாயி? அப்பச் சரி. ரெண்டு ஊர்க் காப்பு ஒரு ஆளுக்கு ஏறாது. முந்திக் கட்டுன ஊருக்குத்தான் நீ சொந்தம்" என்றார். அதோடு விடவில்லை. பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.

என் வீட்டுக் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மனைவிக்குக் காரியாபட்டி. கல்யாணமாகி முதல் பங்குனி. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் அம்மா வைக்கிற குழம்பு மாதிரி வராது என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அவள் எல்லாருக்கும் மோர் ஊற்றி முடித்து, இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டினாள். நான் பின்னால் போகவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு.

மூன்றாவது வீட்டு வாசலில் அண்ணாச்சி என்ன சண்டை, யார் மேல் தப்பு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டே, "கோவத்தைப் பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டு தாயி. கொடி இறங்கட்டும். நானே வந்து பஸ் ஏத்தி விடுறேன்" என்றிருக்கிறார். அவள் திரும்பி வந்து, என்னிடம் பேசாமலே திருவிழா முழுக்க வீட்டில் இருந்தாள். பேசாமலே முளைப்பாரி பார்க்கப் போனோம். பேசாமலே பொருட்காட்சியில் டெல்லி அப்பளம் தின்றோம். கொடி இறங்கிய மறுநாள் காலையில் அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் வாசலில் வந்து நின்று, பெட்டி ரெடியா தாயி என்று கேட்டார். அவள் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவோடு வந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றுவரை அண்ணாச்சிக்குக் கடன்பட்டவன். குழம்பைப் பற்றியும் அப்புறம் நான் பேசியதில்லை.

இப்படி ஊரையே கட்டிப்போட்ட மனிதருக்குச் சொந்த மகளைக் கட்ட முடியவில்லை. ஒரே பிள்ளை. படித்து, கல்யாணமாகி, சிகாகோவுக்குப் போய்விட்டாள். ஆவணி மாதம் போனாள். "பங்குனியா இருந்தா விட்டிருக்கவே மாட்டேன்" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அவருடைய சம்சாரம் இறந்த பிறகு, வந்து என்னோடு இருங்கப்பா என்று மகள் கூப்பிடாத நாள் இல்லை. இவர் இன்றைக்கு ஒரு சாக்கு, நாளைக்கு ஒரு சாக்கு. அப்புறம் ஒரு தை மாதம் திடுதிப்பென்று கிளம்பினார். என்ன அண்ணாச்சி இப்படி என்று கேட்டதற்கு, அவள் குரல் சரியில்லை என்று மட்டும் சொன்னார். கொடியேற்றத்துக்குள் திரும்பிவிடுவதாகத் தெருவுக்கே வாக்குக் கொடுத்தார். ஒருவேளை பிந்திவிட்டால் நீ கட்டு தாயி என்று நூல்கண்டை என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

தினமும் காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்குகிற நேரத்துக்குப் போன் வந்துவிடும். அவருக்கு அங்கே முந்தின நாள் ராத்திரி. முதலில் ஒரே புலம்பல்தான். பனி, பனி, பனி. தெருவில் ஒரு நாய்கூடக் குரைப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா மட்டும் கையாட்டுகிறாள். மருமகன் வேலையாக வேறு ஊரில் இருக்கிறாராம். மகள் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள், வந்தாலும் சிரித்த முகமாக இல்லை. ஒருநாள் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிவிட்டு, கடைசியில் குரலை இறக்கினார்.

"அலமாரியில ஒரு ஆம்பளைச் சட்டை இல்ல தம்பி."

கேட்டீர்களா என்றேன். "கேக்கலை. சொல்லணும்னு அவளுக்குத் தோணும்போது சொல்லட்டும்" என்றார். ஊருக்கு வந்தால் அவள் தனியாகக் கிடப்பாள், வராவிட்டால் கொடி ஏறிவிடும். அதைத்தான் அவர் வாய்விட்டுச் சொல்லாமல் தினமும் போனில் உருட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற டிக்கெட்டின் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. எடுத்தவுடனே சிரிப்பு. என்ன அண்ணாச்சி என்றால் மறுபடி சிரிப்பு.

"இங்கன பங்குனிப் பொங்கல் தம்பி" என்றார்.

சிகாகோவில் அயர்லாந்துக்காரர்களுக்கு ஒரு திருவிழா. சாமி இல்லையாம், சாமியாராம். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் இருந்த பாம்பையெல்லாம் விரட்டினவராம். அவர் பேரைச் சொல்லி ஊர் முழுக்கப் பச்சை. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பச்சைத் தாடி, பச்சைக் கண்ணாடி. நாய்க்குட்டிக்குக்கூடப் பச்சைப் பாவாடை. எல்லார் நெஞ்சிலும் வில்வ இலை. அண்ணாச்சி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். மகள்தான், அது வில்வம் இல்லையப்பா, அவர்கள் ஊரில் புல்லோடு முளைக்கிற கீரை மாதிரி ஏதோ மூவிலை என்று சொல்லியிருக்கிறாள். மூன்று இலை இருந்தால் சிவனுக்குப் போதும் என்று இவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதைவிட ஆறு. படகில் போய் ஆற்றில் சாயம் கலக்குகிறார்களாம். கொட்டும்போது ஆரஞ்சுப் பொடி, தண்ணீரில் விழுந்ததும் பச்சை. நம் கம்பெனியில் கலர் மருந்து கலக்குகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று அங்கலாய்த்தார். "நம்ம மஞ்சத்தண்ணிய ஆளு மேல ஊத்துறோம். இவுக ஆத்து மேலயே ஊத்துறாக. அம்புட்டுத்தான் வித்தியாசம்." நான் ஷட்டரைப் பாதி தூக்கிய மேனிக்கு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேளம் உண்டு. ஆட்டுக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கினது மாதிரி ஒரு பையை வைத்துக்கொண்டு வரிசையாக ஊதிப் போகிறார்கள். ஊதுகிற ஆம்பளைகள் எல்லாரும் கட்டம் போட்ட பாவாடை கட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சி குளிருக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டு, மேலே வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றிருக்கிறார். பாவாடைக்காரர்கள் வேட்டியைப் பார்த்தார்கள், இவர் பாவாடையைப் பார்த்தார். அதில் ஒருவன் இவர் தோளில் கையைப் போட்டு ஊர்வலத்துக்குள் இழுத்துக்கொண்டான். ஒரு தெரு நீளத்துக்கு அண்ணாச்சி கையை வீசி நடந்திருக்கிறார். ஓரத்தில் நின்ற ஜனமெல்லாம் கைதட்டுகிறது. குறை ஒன்றே ஒன்றுதானாம். இம்புட்டுக் கூட்டத்துக்கு ஒரு ஓலைவெடிகூட இல்லை. அடுத்த வருஷம் ஒரு லோடு அனுப்பிவிட வேண்டும் என்றார்.

அப்புறம் மகள் பேச்சுக்கு வந்தார்.

"எம் மக சிரிச்சா தம்பி. நான் பாவாடைக்காரன் கூடப் போறதப் பாத்துட்டு ரோட்டு ஓரத்துல நின்னு விழுந்து விழுந்து சிரிச்சா. நான் வந்ததுல இருந்து இன்னைக்குத்தான் அவ பல்லைப் பாக்குறேன்."

அன்றைக்கு இன்னொன்றும் நடந்திருக்கிறது. காலையில் கிளம்பும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா வந்து, பச்சை இல்லாமல் வெளியே போனால் கிள்ளிவிடுவார்கள் என்று எச்சரித்தாளாம். அது அங்கே வழக்கமாம். மகள் ஏதோ பரிசுப்பெட்டியிலிருந்த பச்சை ரிப்பனை வெட்டி அப்பா மணிக்கட்டில் கட்டிவிட்டிருக்கிறாள். திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவிழ்த்துவிடு என்று இவர் கையை நீட்டினார். அவள் அவிழ்க்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாளாம்: "காப்புக் கட்டியாச்சுப்பா. கொடி இறங்குற வரைக்கும் ஊரைத் தாண்டக் கூடாது."

பக்கத்து வீட்டு அம்மாவின் வாசலில் மூவிலை போட்ட பச்சைக் கொடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறாள்.

"நான் எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கேன். எனக்கு யாரும் கட்டுனதில்ல தம்பி" என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்திருந்தது. சரி அண்ணாச்சி, கடையில் ஆள் நிற்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் எங்கள் கொடி ஏறியபோது அவர் இல்லை. என் மனைவிதான் நாற்காலியைப் போட்டு நூலோடு உட்கார்ந்தாள். அவளுக்கு ஆட்களைக் கையைப் பிடித்து நிறுத்துகிற சாமர்த்தியம் போதவில்லை. எதிர்வீட்டுக்காரர் நழுவிச் சாத்தூர் போய்விட்டார். பொங்கல் அன்றைக்கு அண்ணாச்சி போன் செய்து, மேளத்தைக் கேட்க வேண்டும், போனை அந்தப் பக்கமாக நீட்டு என்றார். நீட்டினேன். திரும்பக் காதில் வைத்துப் பேசினால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அங்கே கொடி இறங்கிவிட்டதா என்று கேட்டேன். எங்கே இறங்குகிறது, இவர்கள் ஏற்றத்தான் தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்றார்.

சித்திரையும் போய் வைகாசியில் திரும்பி வந்தார். ஆள் கொஞ்சம் வெளுத்திருந்தார். கையில் ரிப்பன் அப்படியே இருந்தது. என் கடையில் அட்டைக்கட்டு மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார். மகள் ஒருநாள் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மருமகன் பிரிந்து போய் வருஷம் திரும்பிவிட்டது. அப்பாவிடம் சொல்ல வெட்கம். சொல்லி, அழுது, இரண்டு வேளை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, கொடி இறங்கிவிட்டது, நீங்கள் கிளம்புங்கப்பா என்றிருக்கிறாள்.

இவ்வளவு நாள் ஒரு கொடி எப்படி அண்ணாச்சி தொங்கும் என்றேன்.

"திருவிழாவுக்கு மறுநாள் காலையிலயே அந்தம்மா கழட்ட வந்துச்சு. எம் மக ஓடிப் போயி அது கையைப் பிடிச்சுக் கெஞ்சுறா. நான் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

டிக்கெட் தேதி தாண்டுமட்டும் தெரியாத மாதிரியே இருந்தீர்களா என்று கேட்டேன். "கட்டுறவுக எதுக்குக் கட்டுறாகன்னு எனக்குத் தெரியாதாலே?" என்றார். அவர் என்னை ஏலே போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். விமான நிலையத்தில் ரிப்பனை வெட்ட அவள் கத்திரியை எடுத்தாளாம். இருக்கட்டும் என்று கையை இழுத்துக்கொண்டாராம்.

ஊருக்கு வந்துவிட்டாரே தவிர, காலையில் எனக்குப் போன் செய்ததுபோலவே இப்போது அவளுக்குச் செய்தார். தீபாவளிச் சீசன் வந்தது, போனது. அடுத்த பங்குனியும் வந்தது. எங்கள் கொடி ஏறிய அன்று மத்தியானம் மூன்றாவது வீட்டு வாசலில் வாடகைக் கார் நின்றது. வீட்டைப் பூட்டிக்கொண்டு அண்ணாச்சி படி இறங்கினார். கையில் பெட்டி.

தெரு மொத்தமும் கூடிவிட்டது. எல்லாருக்கும் சிரிப்பு. இத்தனை வருஷம் நம் பெட்டியை மடக்கிய ஆள் இன்றைக்கு வசமாக மாட்டினார் என்று. என் மனைவி நூல்கண்டோடு காருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கொடி ஏறியாச்சு அண்ணாச்சி. கையை நீட்டுங்க" என்றாள்.

அண்ணாச்சி பெட்டியைக் கீழே வைத்தார். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பச்சைக் கொடி. இந்தத் தடவை பக்கத்து வீட்டில் இல்லை, மகள் வீட்டு வாசலிலேயே. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறாள். பிறகு முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே ஏற்றினார். ரிப்பன் சாயம் போய் வெள்ளையாகியிருந்தது. முடிச்சில் மட்டும் கொஞ்சம் பச்சை.

"ரெண்டு ஊர்க் காப்பு ஒரு ஆளுக்கு ஏறாது தாயி" என்றார்.

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி தள்ளி நின்று வழிவிட்டாள். கீழே இருந்த பெட்டியை அவளே எடுத்து டிக்கியில் வைத்தாள். கார் திருப்பத்தில் மறைகிறவரை நாங்கள் வாசலிலேயே நின்றோம். அவர் அப்புறம் திரும்பி வரவில்லை. மகளோடுதான் இருக்கிறார். காலைப் போன் மட்டும் எப்போதாவது வருகிறது.

அன்றைக்கு அவர் கைக்கென்று பிரித்த நூலை என்ன செய்வதென்று தெரியாமல் என் மனைவி கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, கையைப் பிடித்து, இறுக்கிக் கட்டினாள். மறுநாள் நான் மதுரைக்குப் போய் அட்டை லோடு எடுத்து, அங்கேயே தங்கி வருவதாக இருந்தது. போகவில்லை.